சம்பந்தியின் விலைப்புள்ளி

பிப்ரவரி 3

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகளுக்கு இருந்த இருமல் போய்விட்டது. இப்போது உங்கள் மாப்பிள்ளை இருமிக்கொண்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் எப்போதும்போல என்ஜின்களோடு மட்டும் பேசுகிறார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மா உங்களை மாடிப்படி ஏற விடுகிறாரா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இத்தனை வருஷம் துருத் தட்டும் சுத்தியல்களுக்கு நடுவே நின்றதில் என் காது போன கதை உங்களுக்குத் தெரியும். போனில் நீங்கள் சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது. கேட்ட பாதிக்கு நான் பதில் சொன்னால் தெருவுக்கே கேட்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பயணிகள் படகுக் கம்பெனி இந்த வருஷப் பழுதுவேலையை எங்கள் கப்பல் யார்டுக்குத் தரவில்லை. உங்கள் அரசு யார்டுக்குப் போய்விட்டது. டெண்டரில் தோற்பது எனக்குப் புதிதில்லை. தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை உறையைப் பிரித்து விலையை வாசித்தபோது, என் காதுதான் மோசம் செய்கிறது என்று நினைத்து மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. துரு நீக்கி, அடித்தகடு மாற்றி, பெயின்ட் அடித்து, விசிறியைச் சுழற்றும் ஷாஃப்டைச் சரிபார்த்துத் தர உங்கள் யார்டு கேட்ட மொத்த விலை, இரும்பும் பெயின்ட்டும் வாங்க எனக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. அப்படியானால் ஆட்களின் கூலி எங்கே? கரண்ட் எங்கே?

நீங்கள் வேலைத் திட்டப் பிரிவில் இருக்கிறீர்கள். விலை போடும் பிரிவு பக்கத்து அறையாகத்தான் இருக்கும். அந்தப் புண்ணியவான் யாரென்று பார்த்து, இரும்பை எங்கே வாங்குகிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். நானும் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 24

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளையின் இருமலுக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். என் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்த பின்னும் வலிக்கிறது. மற்றபடி நலம்.

படகு வேலை கைவிட்டுப் போனதில் எனக்கும் வருத்தம். நம்புங்கள். எங்கள் யார்டுக்கு அரசு ஆண்டுதோறும் மானியம் தருவது ஊரறிந்த விஷயம். அது இனாம் அல்ல. கடலில் எந்தக் கப்பல் ஆபத்தில் சிக்கினாலும் உடனே ஏற்றுக்கொள்ள, கப்பலை உள்ளே விட்டுப் பழுதுபார்க்கும் ஒரு பெரிய டாக்கை நாங்கள் எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தொழில் பழகுபவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி தருகிறோம். ஓய்வுபெற்றவர்களுக்கு ஓய்வூதியம் தருகிறோம். எந்தத் தனியார் முதலாளியும் இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார். கூலியையும் கரண்ட்டையும் மானியம் பார்த்துக்கொள்வதால் விலை சற்றுக் குறைவாக அமைவது இயல்பே.

விலை போடும் பிரிவைப் பற்றி வெளியே பேச எங்களுக்கு அனுமதி இல்லை. தப்பாக நினைக்க வேண்டாம்.

என் மகள் இப்போதெல்லாம் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. யார்டுக் கணக்கு வேலை அதிகமோ? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 10

சம்பந்தி அவர்களுக்கு,

நலம். ஆவி பிடித்ததில் இருமல் நின்றது. உங்களுக்கு நன்றி.

நீங்கள் 'சற்று' என்று எழுதிய இடத்தில் என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். சற்றா? மானியம் கூடாது என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அரசு தரும் அந்தப் பணத்தில் நான் கட்டும் வரியும் இருக்கிறது. என்னை அடிக்கிற கம்புக்கு நானே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன் சம்பந்தி.

போன வாரம் துருத் தட்டும் கோஷ்டியை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன். கோஷ்டித் தலைவர் நெட்டையை உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் பந்தல் கம்பத்தில் தலை இடித்துக்கொண்டவர். அவர் முன்னால் போய் நின்றேன். அவர்தான் ஆரம்பித்தார்: "விடுங்கக்கா. கப்பல் ஏத்துற சறுக்குப் பாதை ரெண்டும் காலியா கிடக்கு. நாங்க எதைத் தட்டுறது, உங்க தலையையா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சுத்தியல்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். திருப்பி எடுக்க வரப்போகிறவர்கள் வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் சொல்லிவிடுகிறேன். போட்டி ஆணையத்தில் உங்கள் யார்டின் மேல் மனுக் கொடுத்துவிட்டேன். விவரம் தெரிந்த நல்ல ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்தார். மனு யார்டின் மேல்தான், உங்கள் மேல் அல்ல. உறவு வேறு, தொழில் வேறு. நீங்கள் எப்போது வந்தாலும் இந்த வீட்டில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 29

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். ஆனால் முழங்காலால் யாரும் எழுதுவதில்லை.

எங்கள் யார்டின் தரப்பில் ஆணையத்தின் முன் சாட்சி சொல்ல என்னை நியமித்திருக்கிறார்கள். ஏன் என்னை என்று கேட்பீர்கள். போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. திட்டப் பிரிவிலிருந்து விலைப் பிரிவுக்குத் தலைவராக மாற்றினார்கள். நீங்கள் தேடிய அந்தப் புண்ணியவான் நான்தான்.

டாக்குகள் நிரம்பியிருக்க வேண்டும் என்பது சேர்மனின் உத்தரவு. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் வேலை நடப்பது தெரிய வேண்டும். அதற்கு எந்த விலை வேண்டுமோ அந்த விலையைப் போட்டேன். அது சட்டத்துக்கு விரோதம் இல்லை. இந்த யார்டில் பயிற்சியாளனாகச் சேர்ந்து, இதன் சம்பளத்தில் படித்து, கல்யாணம் செய்து, மகளை வளர்த்தவன் நான். இது மூடிக் கிடப்பதை என்னால் கற்பனை செய்ய முடியாது. உங்களுக்கு உங்கள் யார்டு எப்படியோ எனக்கு இது அப்படி.

என் மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

தங்கள் சம்பந்தி


மே 6

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளிடம் சொன்னேன். கேட்டாள். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். ஆபீஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மகன் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்கு வயிறு எரிகிறது. எரிச்சல் அடங்கியதும் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


ஜூன் 12

சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் முக்கியமானதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை பத்திரம். எங்கள் வீட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறார். உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது, வேறு காயம் இல்லை. என் மனைவி மகளிடம் போனில் சொல்லிவிட்டாள். ஆனால் நடந்ததை நீங்கள் முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் பாறையில் மோதிய அந்தப் பெரிய பயணிகள் கப்பலை இழுவைப் படகு எங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதாகக் காலையில் தகவல் வந்தது. பயணிகளை அங்கேயே இறக்கிவிட்டார்கள், மாலுமிகளும் பம்பு இயக்க ஏறிய சில பேரும் மட்டும் கப்பலில் இருக்கிறார்கள் என்றார்கள். அந்தச் சில பேரில் ஒருவர் நம் மாப்பிள்ளை என்பது கப்பல் கண்ணுக்குத் தெரியும்வரை எனக்குத் தெரியாது.

காலியாக வைத்திருந்த டாக்கில் தண்ணீரை நிரப்பி, வாயிற்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, களைத்துப்போன மாடு மாதிரி வந்தது. மேல்தளத்தில் பம்பு ஹோஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். நிற்கிற தோரணையிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு முழங்கால் இருப்பதே மறந்துவிட்டது. விளிம்பிலேயே ஓடினேன். எங்கள் டாக் மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், நீங்க விழுந்தா உங்களையும் சேர்த்துத் தூக்கணும்!" என்று கத்தினார்.

கப்பல் உள்ளே நுழைந்து, கதவு மூடி, தண்ணீர் வடியத் தொடங்கியதும் அடிப்பாகத்தில் இருந்த கிழிசலைப் பார்த்தோம். ஒரு ஆள் குனியாமல் உள்ளே போகலாம். அந்த ஓட்டையில் மரப்பலகையும் மெத்தையும் சிமென்ட்டும் திணித்து முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். "இது யாரு வேலை?" என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "எங்க அம்மா யார்டு வேலை."

கண் விழித்ததும் அனுப்பி வைக்கிறேன்.

சம்பந்தி


ஜூன் 26

சம்பந்தி அவர்களுக்கு,

மகன் வந்து சேர்ந்தான். சம்பந்தியம்மா கையில் போட்ட கட்டைப் பிரிக்க மாட்டேன் என்கிறான். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

பாறையில் மோதிய அன்று கரையில் நின்றவள் நான். அந்தக் கப்பலைத் தூக்க என் சறுக்குப் பாதைக்குச் சக்தி கிடையாது. இன்னொரு தனியார் யார்டுக்கு நானே ஆள் அனுப்பிக் கேட்டேன். அவர்கள் டாக்கில் வேறு கப்பல் பாதி வேலையில் நின்றது. இறக்க முடியாது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். உங்கள் டாக் காலியாக இருந்ததால் என் மகன் திரும்பி வந்தான். அது காலியாகக் கிடப்பதைப் பார்த்து எத்தனை தடவை 'சோம்பேறிக் கூட்டம்' என்று திட்டியிருப்பேன் தெரியுமா? அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன்.

மனுவை மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன். மானியத்தை நிறுத்து என்று கேட்கப் போவதில்லை. இரண்டாகப் பிரி என்று கேட்கப் போகிறோம். ஆபத்துக்கு வைத்திருக்கும் டாக்குக்கும் பயிற்சிக்கும் ஓய்வூதியத்துக்கும் தருவது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களைப் போன்றவர்களோடு போட்டி போடுகிற வேலைக்கு அதில் ஒரு காசும் வரக் கூடாது.

மனு எழுதிய ஆளோடு எனக்குப் பெரிய சண்டை. "அவங்களுக்கு நீங்களே வக்கீலா ஆகாதீங்க" என்று கோபம். "பொய் சொல்லி ஜெயிச்சா அப்புறம் அந்த டாக் முன்னாடி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்று கேட்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்.

வயிற்றெரிச்சல் பாதி அடங்கிவிட்டது. மீதி விசாரணைக்குப் பிறகு.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 3

சம்பந்தி அவர்களுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். அந்த விசாரணைக் கூடத்தில் நாம் இருவரும் ஒரே கூரைக்கடியில் இருந்தோம். இருந்தும் அங்கே என்ன நடந்தது என்று உங்களிடம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. மேலே சுழன்ற மின்விசிறிகளின் இரைச்சலில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். உங்கள் மகள் எழுந்தாள். ஆமாம், மனு எழுதிய ஆள் அவள்தான். நீங்கள் ஊகித்திருப்பீர்கள், சொல்லத் தைரியம் வராமல் நான் மறைத்தேன். எழுந்தவள் கையிலிருந்த தாளை மேஜையில் வைத்துவிட்டாள். ஏதோ கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இன்னொன்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள். உங்கள் யார்டு வக்கீல் பேனாவை மேஜையில் போட்டார். அதன் பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை, நிறையப் பேசினீர்கள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி சொன்னார்?" என்று கேட்டால், "அப்பாவையே கேளுங்க அத்தை" என்கிறாள். மகனைக் கேட்டால் அவளைப் பார்க்கிறான். வீட்டுக்காரரைக் கேட்டு என்ன பயன்?

ஆகவே நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 11

சம்பந்தியம்மாவுக்கு,

சொல்கிறேன்.

உங்கள் தரப்பில் வக்கீல் எழுந்திருப்பார் என்று பார்த்தால் என் மகள் எழுந்தாள். நீங்கள் 'விவரம் தெரிந்த நல்ல ஆள்' என்று எழுதியபோதே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் சந்தேகம் வேறு, எதிரில் வந்து நிற்பது வேறு.

"சாட்சி ஐயா, மனுதாரர் யார்டுக்கும் உங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று ஆரம்பித்தாள். "உண்டு. அவங்க எனக்குச் சம்பந்தி. கேள்வி கேக்குறது என் பொண்ணு" என்றேன். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வக்கீல் ஆட்சேபம் சொன்னார். ஆணையத் தலைவர் அவரைப் பார்த்து, "கூட்டிட்டு வந்தது நீங்க. உங்க சாட்சியைத்தானே அந்தம்மா கேக்குறாங்க, கேக்கட்டும்" என்றார்.

அடுத்த கேள்வி இதுதான்: "மானியம் இல்லேன்னா, அந்த விலைக்கு அந்தப் படகுகளை உங்க யார்டு பழுது பாத்திருக்க முடியுமா?"

இதற்கான பதிலை என்னை மனப்பாடம் செய்யவைத்திருந்தார்கள். 'பல காரணிகளைப் பொறுத்தது' என்று தொடங்கி நீளமாகப் போகும். நான் வாயைத் திறந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். நான் என்ன சொன்னாலும் குறித்துக்கொண்டு உட்காரத் தயாராக இருந்தாள். அந்தப் பொறுமையின் முன்னால் எனக்கு மனப்பாடம் மறந்துவிட்டது. "முடியாது" என்றேன்.

பிறகு அவள் கேட்காததையும் சொன்னேன். மானியம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் எதிராக இதே இடத்தில் நிற்பேன் என்றேன். பாறையில் மோதிய கப்பலைச் சொன்னேன். அதில் வந்தவர் யார் என்பதைச் சொல்லவில்லை. "ரெண்டையும் தனித்தனியா பிரிக்க முடியுமா?" என்று தலைவர் கேட்டார். "ஒரு வாரம் குடுத்தா நானே பிரிச்சுத் தரேன்" என்றேன். அப்போதுதான் வக்கீல் பேனாவைப் போட்டார்.

வெளியே வராந்தாவில் அவள் என்னிடம் வந்தாள். என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

யார்டில் எல்லாம் வழக்கம்போல்தான் நடக்கிறது. முழங்கால் தேவலை.

சம்பந்தி


செப்டம்பர் 30

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

என்ன, இவர் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதுகிறேனே என்று பார்க்கிறீர்களா? உங்கள் இரண்டு கடிதங்களும் பதில் இல்லாமல் அலமாரியில் கிடக்கின்றன. அவர் எழுத மாட்டார், எழுதினால் உண்மையைச் சொல்ல வேண்டி வரும். மாப்பிள்ளையும் மகளும் நலமா? உங்கள் வீட்டுக்காரர் ஏதாவது பேசினாரா?

விசாரணை முடிந்த மறுவாரமே இவரை விலைப் பிரிவிலிருந்து தூக்கிக் கயிற்றுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கயிறும் தார்ப்பாயும் போட்டுவைக்கிற கொட்டகை அது. ஜன்னல்கூட இல்லையாம். யார்டு பஸ்ஸில் இவர் பக்கத்து இருக்கை காலியாகவே வந்துகொண்டிருந்தது. 'கால் நீட்டிக்க வசதியாக இருக்கிறது' என்று என்னிடம் சொன்னார். மனுஷர் பொய் சொன்னால் மூக்கு நுனி சிவந்துவிடும்.

மகள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். பெற்ற அப்பாவைக் கூண்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள்தானே என்று. ஒருநாள் இவரிடமே பொரிந்து தள்ளினேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அவ கேட்டா. என் சொந்தக்காரங்க, என் ஆபீஸ்ல, இத்தனை வருஷத்துல யாரும் கேக்கல" என்றார்.

போன வாரம் பஸ்ஸில் அந்த டாக் மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். மறுநாளும் உட்கார்ந்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவர் மூக்கு சிவக்கவில்லை.

நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொடுக்க வேண்டாம். மகளிடம் மட்டும் சொல்லுங்கள், அம்மாவுக்குக் கோபம் தீர்ந்தது என்று.

உங்கள் அன்புச் சம்பந்தி


நவம்பர் 19

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிடங்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் கயிறு யாரிடம் கேட்டால் நல்லதாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது. உங்கள் மகள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கே கேட்டது என்றால் பாருங்கள்! நாங்கள் கேட்டபடிதான். மானியம் தொடரலாம், ஆனால் தனிக் கணக்கில். போட்டி போடும் வேலைக்கு உங்கள் யார்டு கூலி, கரண்ட், டாக் வாடகை எல்லாவற்றையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும். இந்த வருஷம் கையெழுத்தான வேலைகளைத் தொடவில்லை. ஆகவே கைவிட்டுப் போன படகுகள் போனவைதான். அடுத்த டெண்டரிலிருந்து புது முறை.

கோஷ்டியை மறுபடி கூப்பிட்டேன். எல்லோரும் வரவில்லை. நெட்டை லாரி ஓட்டப் போய்விட்டார். லாரியில் தலை இடிக்காது, வரமாட்டேன் என்கிறார். வந்தவர்களில் பாதிப் பேர் புது ஆட்கள். பழக்க வேண்டும். முன்பு போல் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்றுக் காலையில் மீன்பிடிக் கப்பல் ஒன்றைப் பாதையில் இழுத்தேற்றினோம். சுத்தியல் சத்தம் ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் என்ஜினுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, "சம்பந்தி நல்ல மனுஷன்" என்றார். இந்த மாதத்துக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

உங்கள் சம்பந்தி


டிசம்பர் 15

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கயிறு வேண்டுமானால் கிடங்கில் கேளுங்கள். ஆனால் நான் அங்கே இல்லை, மறுபடி விலைப் பிரிவுக்கே வந்துவிட்டேன். யார் காட்டிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அவள் இப்போது என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் சேர்மன் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை. "ஒரு வாரத்துல பிரிச்சுத் தரேன்னு ஊருக்கு முன்னாடி சொன்னது நீங்கதானே? பிரிங்க" என்றார். எங்கள் கணக்கை முழுசாகத் தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை, அதுதான் காரணம். ஒரு வாரம் என்றது வாய்க்கொழுப்பு. ஒரு மாதமாகியும் முடியவில்லை. எங்கள் வேலையின் உண்மையான விலை என்ன என்று முதன்முதலாகப் பார்க்கிறோம். சில வேலைகளில் நாங்கள் படுமோசம். சிலவற்றில் மானியம் இல்லாமலே யாரையும் ஜெயிக்கலாம் போலிருக்கிறது. இது தெரியாமலே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம். இரும்பைக் கடையும் எங்கள் பெரிய லேத்தை வைத்துக்கொண்டு செய்யக் கூடியதை நினைத்தால் எனக்கே கை பரபரக்கிறது.

இனி டெண்டரில் எதிரெதிரே நிற்கப் போகிறோம் என்பதால் நம் உறவை ஆணையத்தில் எழுத்தில் தந்துவிட்டேன். உங்கள் தரப்பிலும் தந்துவிடுங்கள்.

தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், கோபத்தைத் தவிர.

மண் அள்ளும் கப்பல் வேலையை உங்கள் யார்டு தட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கும் உங்களுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு டப்பா பெயின்ட் அளவுதான் இருக்கும். உங்கள் விலையை வரி வரியாகப் படித்தோம். கூலி இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, வாடகை இருக்கிறது. ஷாஃப்டை வெளியே உருவாமல், இருந்த இடத்திலேயே கடைந்து சரி செய்யப் போகிறீர்களாம். அந்த யோசனை எங்களுக்கு ஏன் வரவில்லை என்று என் மகனைத் திட்டினேன். அவன் சிரித்தான். உங்கள் மகளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் சிரித்துவிட்டேன். எங்கே தோற்றேன் என்று எனக்குத் தெரிகிறது சம்பந்தி. அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிகிறது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு பயணிகள் படகுகள் எங்களுக்கு வந்திருக்கின்றன. இரண்டு பாதையும் நிரம்பிவிட்டது.

அடுத்த மாதம் இழுவைப் படகுகளுக்கு டெண்டர் வருகிறது. எங்கள் விலையைப் போடப் போவது உங்கள் மகள். வருகிற சனிக்கிழமை அம்மா அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வருகிறாள். வந்ததும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். வேறு ஒன்றும் கேட்காதீர்கள்.

உங்கள் அன்புச் சம்பந்தி